தேக்காக் கூட்டமும் மிதக்கும் ரயிலும்

மேக்லெவ் என்ற காந்த மிதவை ரயில் என்றாலே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்கிறார்கள். 2021 ஜனவரியில் செங்டு நகரில் தென்மேற்கு ஜியாவ்தோங் பல்கலைக்கழகம் காட்டிய உயர் வெப்பநிலை மீகடத்தி ரயிலுக்கும் 620 என்ற எண்ணே அடையாளமாகிவிட்டது. அங்கிருந்த சோதனைப் பாதை வெறும் 165 மீட்டர். 620 என்பது ஓடிக்காட்டிய வேகமல்ல, காகிதத்தில் குறித்த இலக்கு.

சிங்கப்பூரில் நமக்கு அந்த வேகம் எதற்கு? லிட்டில் இந்தியாவில் ஏறிக் கைப்பிடியைத் தேடுவதற்குள் ஃபேரர் பார்க் வந்துவிடுகிறது. வேகத்துக்கு வேலையிருந்தது சுமார் 350 கிலோமீட்டர் நீளமுள்ள கோலாலம்பூர் அதிவேக ரயில் பாதையில்தான். அதற்கான ஒப்பந்தமும் 2020 டிசம்பர் 31 அன்று காலாவதியாகிவிட்டது.

மீகடத்தி ரயிலின் உண்மையான பலம் வேறு. வண்டியில் பொருத்திய இட்ரியம், பேரியம், செம்பு கலந்த ஆக்சைடு கட்டியைத் திரவ நைட்ரஜனால் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்தால், பாதையின் காந்தப்புலம் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. பிறகு எந்தப் பக்கம் தள்ளினாலும் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். ஷாங்காய் ரயிலைப்போல் இடைவெளியை ஓயாமல் அளந்து மின்னோட்டத்தைத் திருத்த வேண்டாம். ஜப்பானிய ரயிலைப்போல் வேகமெடுக்கும்வரை சக்கரத்தில் உருளவும் வேண்டாம், நின்றபடியே மிதக்கும். இதைச் சரியாகப் புரிந்துகொண்டது ரியோ டி ஜெனிரோதான். அங்கே பல்கலைக்கழக வளாகத்தில் 200 மீட்டர் பாதையில் மேக்லெவ் கோப்ரா என்ற மீகடத்தி ரயில் மெதுவாக, சத்தமில்லாமல் போய்வந்தது.

குறைகளும் சிறியவை அல்ல. பாதை நெடுக நியோடிமியம் காந்தம் பதிக்க வேண்டும், செலவு அங்கேதான். இரும்புத்துகள் எல்லாம் வந்து ஒட்டும். நிலைக்காந்தப் பாதையில் கிளை பிரிப்பதும் தலைவலி.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது கூட்டம். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வெளிநாட்டு ஊழியர்கள் திரளும்போது பெட்டி நிரம்பி வழியும். பாரத்தில் தாழும் மீகடத்தி வண்டி, ஆட்கள் இறங்கியபின் முழுதாகப் பழைய உயரத்துக்கு எழாது. முன்கூட்டியே எடையேற்றிப் பழக்கினால் சரிவு குறையும். முற்றிலும் சரிசெய்ய, கட்டியைச் சூடாக்கி மறுபடி குளிர்விக்க வேண்டும். இரவில் பராமரிப்புக்குக் கிடைக்கும் சில மணிநேரத்தில் இந்த வேலையையும் திணிக்க முடியுமா?

ஆகவே லிட்டில் இந்தியா வழியே போகும் வடகிழக்கு ரயில் பாதைக்கு இது ஒத்துவராது. சாங்கி விமான நிலைய முனையங்களுக்கிடையே ஓடும் ஸ்கைட்ரெயின் போன்ற குட்டைப் பாதையில் ஒரு வண்டியை விட்டுப் பார்க்கலாம். வெள்ளோட்டத்தை ஆளில்லாமல் அல்ல, பெட்டி படுக்கையோடு ஏறும் பயணிகளை வைத்தே நடத்த வேண்டும்.