கம்பன் கண்ட உயிர்விழைவு

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் தற்கொலை புதிய பொருளன்று. ஜொகூர் மாநிலத்துச் சாஆ, லாபிஸ், சிகாமட் போன்ற தோட்டப்புறங்களில் ரப்பர் மறைந்து செம்பனை பரவியது போன்ற மாற்றங்களையும், அவற்றால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் துயரையும் கதையாக்குவோர், சிலபோது கதைமாந்தரின் சாவோடு கதையை நிறைவு செய்கின்றனர். கதையை முடிக்க வழி தெரியாதபோது ஆளை முடித்துவிடும் இவ்வழக்கம் கலைக்குறை மட்டுமன்று. மனித மனத்தைப் பற்றிய அறியாமையுமாகும். சாகத் துணிந்தவரின் உள்ளத்திலும் வாழ வேண்டுமென்னும் விழைவு மறைந்து நிற்கும் என்பதை அத்தகைய கதைகள் காண்பதில்லை.

கம்பர் அதனைக் கண்டவர். சுந்தர காண்டத்து உருக்காட்டு படலத்தில், அரக்கியர் உறங்கும் வேளையில் சீதை உயிர்விடத் துணிகிறாள். மீட்பு வரும் என்று காத்திருந்து சலித்த மனம் அது. அந்நிலையில் அனுமன் அவள் முன் தோன்றித் தான் இராமனின் தூதன் என்கிறான். அறவுரை கூறவில்லை, அவள் துணிவைப் பழிக்கவும் இல்லை. சீதைக்கோ வந்தவன் யாரென்ற ஐயம் எழுகிறது. எனினும், இவன் அரக்கனாயினும் ஆகுக, தேவனாயினும் ஆகுக, குரங்காயினும் ஆகுக. தன் தலைவன் பெயரைச் சொல்லி உயிர் தந்தான் என்று அவள் எண்ணுவதாகக் கம்பர் அமைத்துள்ளார். சற்றுமுன் சாகத் துணிந்தவள், பொய்யாய் இருக்கக்கூடிய ஒரு சொல்லையும் பற்றிக்கொள்கிறாள். உயிர்விழைவின் இயல்பை இதனினும் நுட்பமாகக் காட்டுதல் அரிது. பின்னர்ச் சூடாமணிப் படலத்தில் அவள் இன்னும் ஒரு திங்கள் உயிரோடிருப்பதாகக் கூறுகிறாள். துன்பம் தீரவில்லை, சிறையும் நீங்கவில்லை. மாறியது காலம் பற்றிய எண்ணம் ஒன்றே.

யுத்த காண்டத்து மீட்சிப் படலமும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. பதினான்கு ஆண்டுகள் கழிந்தும் இராமன் வாராமையால் பரதன் தீயில் இறங்க முற்படுகிறான். கோசலை ஓடிவந்து தடுக்கிறாள். எண்ணற்ற இராமர்களினும் அவன் உயர்ந்தவன் எனப் புகழ்கிறாள். தாயின் அன்பு மெய்யானது. ஆயினும் அப்புகழுரை பரதனை நிறுத்தவில்லை. இராமன் வருகிறான் என்ற செய்தியோடு வந்து, தீயைத் தன் கைகளாலேயே அவித்த அனுமனே அவனை நிறுத்துகிறான். நீ உயர்ந்தவன் என்ற சொல்லினும், நீ காத்திருந்தது வருகிறது என்ற சொல்லுக்கு ஆற்றல் மிகுதி. செய்தி சொன்னதோடு அமையாமல் நெருப்பையும் அவித்தது கருதத் தக்கது. தூதன் சொல்லும் காவலன் கையும் ஒருங்கே வேண்டும் என்பது கம்பர் காட்சியால் பெறப்படும் உண்மை.

இது வெறும் காவியக் கற்பனை என்று தள்ளுதற்கில்லை. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்துக் காப்பாற்றப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்வை ரிச்சர்டு சைடன் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். அவருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் உயிரோடிருந்தனர் அல்லது இயற்கையாகவே இறந்திருந்தனர் என 1978இல் அவர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கடுந்துயரின் அந்த வேளை கடந்துவிட்டால் வாழ்வு தன் வழியை மீண்டும் காணவல்லது என்பதே இதன் பொருள்.

இவ்வுண்மை மலேசியத் தமிழருக்கு மிக அண்மையது. இந்நாட்டில் நடந்த ஆய்வுகள் பல, இந்தியரிடையே தற்கொலை விகிதம் பிற இனத்தாரினும் மிகுதி எனக் காட்டியுள்ளன. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. தண்டிக்க வேண்டியவராகக் கருதப்பட்டவரைத் துணை நாடுபவராகச் சட்டம் காணத் தொடங்கிவிட்டது. துயருற்றோர் சொல்வதைத் தொலைபேசியில் செவிமடுக்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பு 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கி வருகிறது. சட்டமும் தொண்டும் கண்டதைக் கதை மட்டும் காணாதிருத்தல் முறையன்று.

துயர் நிறைந்த கதைகளை எழுதலாகாது என்பதன்று இதன் கருத்து. சீதையின் துயரைக் கம்பர் சிறிதும் குறைத்துப் பாடவில்லை. ஆயின், துணிவுக்கும் செயலுக்கும் இடையில் மனம் தயங்கும் கணத்தை அவர் தவறவிடவில்லை. தோட்டத்து லயத்தில் விளக்கணைந்த வீட்டின் கதவை இரவில் ஒருவர் தட்டும் ஓசையை எழுதும் கதையாசிரியரே அக்காவிய மரபின் உண்மையான வழித்தோன்றல் ஆவார்.