விலைபோகாத கிட்டார்கள்

எலெக்ட்ரிக் கிட்டாரின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் விற்றுத் தீர்ந்த வடிவங்களின் வரலாறு. கிப்ஸனின் லெஸ் பால் 1952இல் வந்தது, ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. இன்றைக்கும் இசைக்கருவிக் கடைச் சுவரில் தொங்குபவற்றில் பல இவையும் இவற்றின் நகல்களும்தான். மற்றவை கோணங்கித்தனம் என்று ஓரங்கட்டப்படுகின்றன. கடைக்காரருக்கு இந்தக் கணக்கு சரி. இசைக்குச் சரிவராது. ஒரு வடிவம் வீண் வித்தையா, தேவையா என்பதை அதை வாங்கியவர்களின் தலையை எண்ணிச் சொல்லிவிட முடியாது. எந்த இசை அதைக் கேட்டது என்று பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்ப்பதற்கு நம் கச்சேரி மேடையைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் மேற்கே நடந்ததைப் பார்த்துவிடலாம். 1958இல் கிப்ஸன் ‘ஃப்ளையிங் வி’யைக் கொண்டுவந்தது. உடல் அம்பு முனை மாதிரி இருக்கும். மடியில் வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும் என்பதால் விளிம்பில் வரிவரியான ரப்பர் பட்டை ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள். (சப்பணமிட்டு வாசிக்கும் நம் வித்வான் ஒருவர் கையில் அது அகப்பட்டிருந்தால்!) முதல் இரண்டு ஆண்டுகளில் நூறுகூட விற்பனைக்குப் போகவில்லை. அதே 1958இல் ஃபெண்டர், ஜாஸ் கலைஞர்களுக்கென்றே ‘ஜாஸ்மாஸ்டர்’ செய்தது. ஜாஸ் கலைஞர்களில் பெரும்பாலோர் அதைச் சீந்தவில்லை. பிரிட்ஜ் ஆடும். ஓங்கி மீட்டினால் கம்பி தன் பள்ளத்தை விட்டுத் துள்ளும். பிரிட்ஜுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் கம்பித் துண்டு யாரும் தொடாமலே சிணுங்கும். 1980 வாக்கில் உற்பத்தியே நின்றுபோனது. பழைய சாமான் விலைக்கு இறங்கிய பிறகு, நியூயார்க்கின் சோனிக் யூத் குழுவினர் அந்தப் பின்துண்டுக் கம்பியை வேண்டுமென்றே மீட்டி மணியோசை எடுத்தார்கள். எந்தச் சிணுங்கலுக்காக அது ஒதுக்கப்பட்டதோ அதற்காகவே ஆட்கள் அதைத் தேட ஆரம்பித்தார்கள். ஃபெண்டரும் மறுபடி செய்தது. கருவியில் பெரிய மாற்றமில்லை, இசைதான் மாறியிருந்தது. ‘ஃப்ளையிங் வி வெறும் கண்ணுக்காகச் செய்ததுதானே, அதுவும் பின்னால் பிழைத்துக்கொண்டதே’ என்று கேட்கலாம். நின்றபடி, உடம்பையே ஆட்டமாக்கி வாசிக்கும் ஹார்ட் ராக் வந்த பிறகுதான் அது பிழைத்தது. அங்கே தோற்றமும் வாசிப்பில் சேர்த்தி.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம்மை ஒட்டியே இருக்கிறது. சிதார் மோகம் உச்சத்தில் இருந்த 1967இல், டேன்எலெக்ட்ரோ நிறுவனம் வின்சென்ட் பெல் என்ற கிட்டார் கலைஞரோடு சேர்ந்து ‘கோரல்’ எலெக்ட்ரிக் சிதாரை வெளியிட்டது. ஆறு கம்பிகள், பக்கத்தில் அனுநாதத்துக்கென்று பதின்மூன்று. பிரிட்ஜை அகலத் தட்டையாக்கி, கம்பி அதன்மேல் உரசி ரீங்கரிக்கும்படி செய்திருந்தார்கள். சிதாரின் ஜவாரியை அப்படிப் போலச் செய்தாயிற்று. ஆனால் சிதாரின் உயிர் ஜவாரியில் மட்டும் இல்லை. உயர்ந்து வளைந்த மெட்டின்மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் நான்கைந்து ஸ்வரங்களைத் தொடும் ‘மீண்ட்’ என்ற உத்தியில் இருக்கிறது. கோரலில் இருந்தவை கிட்டாரின் தாழ்ந்த ஃப்ரெட்டுகள். பதின்மூன்று கம்பிகளோ சுருதி சேர்க்கும் நேரத்தைத் தின்றன, பதிலுக்கு ஒலித்தது கொஞ்சம்தான். ஸ்டூடியோக்காரர்கள் பாப் பாடல்களில் வண்ணத்துக்காக அதைத் தொட்டுக்கொண்டார்கள். 1969இல் நிறுவனமே மூடப்பட்டது. எந்த ராகமும் அந்தக் கருவியைக் கேட்கவில்லை.

கேட்ட இடம் ஒன்று உண்டு. மேற்கு கோதாவரி மாவட்டத்துப் பாலக்கொல்லில் 1969இல் பிறந்த மாண்டலின் கலைஞர் உ. ஸ்ரீநிவாஸ், செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடரான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் பயின்றார். குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் கருவியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகக் கருவியிடம் கேள்வி கேட்டது வாய்ப்பாட்டு. மேற்கத்திய மாண்டலினில் நான்கு ஜோடிக் கம்பிகள். ஜோடியை ஒன்றாக இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறுவதில்லை, ஒன்றோடொன்று சுருதி பிசகும். கம்பி நீளமும் ஏறத்தாழ முப்பத்தைந்து சென்டிமீட்டர்தான், கிட்டாரில் அறுபத்தைந்து. குட்டையான கம்பியில் நாதம் சட்டென்று செத்துவிடும். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்க வேண்டியவருக்கு அசைப்பு முடிவதற்குள் ஒலி போய்விடும். ஸ்ரீநிவாஸின் கருவியில் ஜோடி ஒற்றையாயிற்று, ஐந்தாவது கம்பி சேர்ந்து கீழ் ஸ்தாயி விரிந்தது, கனத்த மர உடலில் பிக்கப் ஏறியது. கம்பிக்கு இல்லாத ஆயுளை மின்சாரம் கொடுத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு கமகம் நிற்கிறது; அலங்காரத்துக்கென்று ஒரு திருகாணிகூட இல்லை. 1981இல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொஸைட்டி மேடையில் வாசித்த சிறுவனை, இது நம் வாத்தியமே இல்லை என்று முகம் சுளித்தவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று வரும். கிட்டார் பிரசன்னா சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கீர்த்தனை வாசிக்கிறாரே, தனி வடிவம் எதற்கு? நியாயமான கேள்வி. கை நிறைய உழைத்தால் கருவி கொஞ்சம் மாறினால் போதும் என்பதைத்தான் அவர் வாசிப்பு காட்டுகிறது. கருவியின் பங்கு பூஜ்யம் என்று காட்டவில்லை. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை கற்ற கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின் வேறு வழி போனார். 1970களின் நடுவில் அவருடைய சக்தி குழுவுக்காக ஏப்ரஹாம் வெக்டர் செய்த கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். விரல்நுனி மரத்தில் படாது, கம்பியை மட்டும் பற்றும். மெழுகின்மேல் உயர்ந்து நிற்கும் வீணை மெட்டில் விரலுக்குக் கிடைக்கும் அதே பிடிமானம். அது மின்சாரமில்லாக் கிட்டார்தான். அதே குழிவை அவர் பிறகு எலெக்ட்ரிக்கிலும் வைத்துக்கொண்டார். ஆனால் இதில் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலே சுருதி ஏறிவிடும், கோர்டு பிடிப்பவருக்குத் தலைவலி. கமகக்காரருக்கு வரமாக இருப்பது மற்றவருக்குக் கோளாறு. இப்படியொரு கருவி கடைச் சுவரில் அரிதாகவே தொங்குவதில் வியப்பில்லை.

அவ்வளவு சரியான வடிவமென்றால் ஸ்ரீநிவாஸின் மாண்டலின் ஏன் வீட்டுக்கு வீடு போகவில்லை? தம்பி ராஜேஷும் சீடர்களும் வாசிக்கிறார்கள். அதற்கு மேல் பரவாததற்குக் காரணம் பெரும்பாலும் இசையில் இல்லை, சரக்கில் இருக்கிறது. ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டிய கருவிக்கு ஆசிரியரும் அரிது, பழுது பார்ப்பவரும் அரிது. நெட் ஸ்டைன்பெர்கர் 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த தலையில்லாக் கருவிகளுக்கும் இதே கதிதான். இரு முனையிலும் குண்டு வைத்த கம்பி வேண்டும்; அது தீர்ந்தால் வாசிப்பும் நின்றுவிடும். பின்னால் வந்தவர்கள் சாதாரணக் கம்பியே மாட்டும்படி பூட்டை மாற்றினார்கள். ஹைதராபாத்தின் கச்சிபௌலி அடுக்குமாடியில் இரவு ஷிஃப்ட் முடிந்து ஹெட்ஃபோனில் வாசிப்பவருக்கு, முதுகுப்பையில் அடங்கும் அந்தக் குட்டைக் கருவி இப்போது விசித்திரமே இல்லை. ஆனால் ஏ.ஆர். ரஹ்மான் மேடையில் வாசிக்கும் ஹார்பெஜ்ஜியை இன்னமும் பலர் விளையாட்டுச் சாமானாகத்தான் பார்க்கிறார்கள். 2007இல் அமெரிக்காவின் டிம் மீக்ஸ் உருவாக்கிய அந்தக் கருவியை மேசை மாதிரி கிடத்தி, இரு கை விரல்களாலும் கம்பியைத் தட்டி வாசிக்க வேண்டும். கீபோர்டில் வளர்ந்த கைக்கு அது கம்பியை வளைக்கும் வசதியைத் தருகிறது. பியானோ கட்டையில் எத்தனை ஆண்டு சாதகம் செய்தாலும் அது வராது.