மூன்று கோச், மூன்று எட்டாம் இடம்

சேதராப்பட்டு தொழிற்பேட்டையை ஒட்டிய பொட்டல் திடலில் எங்கள் பையன்கள் தொடர்ந்து நாலாவது ஞாயிறும் தோற்றார்கள். கோல்கீப்பர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, கண்ணே மூடாமல் வந்தவன். இரண்டாவது கோல் அவன் காலிடுக்கில் போனது. டிஃபென்ஸில் ரெண்டு பேருக்கு ஓவர்டைம், வரவேயில்லை. ஆட்டம் முடிந்ததும் வேலியோரத்திலிருந்து ஒரு குரல்: "மொதல்ல கோச்ச மாத்துங்கப்பா." கோச் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் கைக்காசு போட்டுத் தண்ணீர் கேன் வாங்கி வைக்கிற மனிதர். அவரை எடுத்துவிட்டு யாரைப் போடுவது என்று கேட்டேன். "யாரயாவது போடுணா, ஒரு மாத்தம் வேணும்ல?"

அந்த "யாரயாவது"வைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. கோடிகளில் புரளும் கிளப்புகளும் நெருக்கடியில் கிட்டத்தட்ட இப்படித்தான் பேசுகின்றன. நமக்குக் கிட்டத்து உதாரணம் சென்னையின் எஃப்.சி.

கோச்சை மாற்றச் சொல்பவர்கள் முதலில் எடுத்து வைப்பது 2019-20 சீசனைத்தான். ஜான் கிரிகரி 2018-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை வாங்கித் தந்த கோச். அடுத்த சீசனில் அதே அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடத்தில் கிடந்தது. அப்போதும் கிளப் அவரைக் கைவிடவில்லை. அதற்கடுத்த சீசனில் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஆறாவது ஆட்டத்தோடு, நவம்பர் 2019-ல், கிரிகரி விடைபெற்றார். ஓவன் காயில் வந்தார். அதே அணி நாலாவது இடத்தைப் பிடித்து, அரையிறுதியில் பட்டியலின் முதலிடத்து கோவாவைச் சாய்த்து, இறுதிப் போட்டிவரை போனது. ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கிரிகரியின் கடைசி இரண்டு ஆட்டங்களில் ஹைதராபாத்தை 2-1 என்று வென்றார்கள், ஒடிசாவோடு 2-2. நான்கு ஆட்டங்களாக வறண்டு கிடந்த அணி, அடுத்த இரண்டில் நாலு கோல் போட்டிருக்கிறது. அதாவது காய்ச்சல் இறங்கத் தொடங்கிய பிறகுதான் டாக்டரை மாற்றியிருக்கிறார்கள். காயில் வந்த உடனேயும் மாயம் எதுவும் நடந்துவிடவில்லை: ஜாம்ஷெட்பூரோடு டிரா, கேரளாவிடம் 3-1 தோல்வி. வேகம் பிடித்தது ஜனவரியில்தான்.

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல் அந்நாட்டின் முதல்நிலை லீகில் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை வைத்து, கோச்சை மாற்றுவது பலன் தருகிறதா என்பதைத்தான் சோதித்தார். கோச்சை மாற்றிய அணிகள் பிறகு தேறின, உண்மைதான். ஆனால் அதே அளவு சரிந்தும் மாற்றாமல் விட்ட அணிகளும் ஏறக்குறைய அப்படியே தேறின. கோச்சை எப்போது தூக்குகிறோம்? அணி தன் தரத்துக்கும் கீழே விழுந்து கிடக்கும்போது. அங்கிருந்து போக மேலே மட்டும்தானே வழி இருக்கிறது.

இதை வைத்துக் காயிலின் உழைப்பைத் தள்ளுபடி செய்வதும் நியாயமில்லை. முடங்கிக் கிடந்த அதே ஆட்களை முன்னோக்கி ஓட விட்டவர் அவர். கொச்சியில் 6-3 என்று ஜெயித்த அணியைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் அதிர்ஷ்டமாகப் பட்டிருக்காது. அணியிடம் சரக்கு இருந்து, அதைப் பயன்படுத்தத்தான் தெரியவில்லை என்றால் ஆள் மாற்றம் வேலை செய்யும். சரக்கே இல்லையென்றால்?

காயில் போன பிறகு நடந்ததைப் பாருங்கள். 2020-21-ல் சாபா லாஸ்லோ: எட்டாம் இடம். 2021-22-ல் போஜிதார் பாண்டோவிச். கோவாவிடம் 5-0 வாங்கியபின் பிப்ரவரியில் அவரோடு கணக்கை முடித்து, நம்மூர்க்காரர் சையத் சபீர் பாஷாவிடம் மிச்ச ஆட்டங்களைக் கொடுத்தார்கள்: எட்டாம் இடம். 2022-23-ல் தாமஸ் பிர்தாரிச்: எட்டாம் இடம். பெஞ்சில் ஆள் மாறிக்கொண்டே இருக்க, பட்டியலில் நாற்காலி மட்டும் நகரவில்லை. பிறகு அதே காயிலைத் திரும்ப அழைத்தார்கள். முதல் வருஷம் ஆறாவது, அடுத்த வருஷம் பதினொன்றாவது.

பொறுமையையும் நான் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. 2015-ல் சென்னையின் பட்டியலின் அடியில் கிடந்தபோதும் அப்போதைய கோச் மாத்தராஸியை வைத்திருந்தார்கள், கோப்பை வந்தது. அடுத்த வருஷமும் வைத்திருந்தார்கள், ஏழாவது இடம் வந்தது. கடைசி இடத்துக்குப் பிறகும் கிரிகரியைத் தொடர விட்டது, என் கணக்கில், நன்றிக்கடன். அவரை வழியனுப்ப ஏற்ற நேரம் அந்தச் சீசன் முடிவுதான். புதியவர் தனக்கு வேண்டிய ஆட்களைப் பொறுக்கிச் சேர்க்க மாதக்கணக்கில் நேரம் இருந்திருக்கும்.

அதைச் செய்து காட்டியது கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2017-18 ஐ-லீகில் கீழ்ப்பாதியில் தடுமாறிய அணி, சீசன் முடிந்தபின் சிங்கப்பூரின் அக்பர் நவாஸைக் கொண்டுவந்தது. கூடவே ஸ்பெயினிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் பெட்ரோ மான்ஸி 21 கோல். மார்ச் 2019-ல், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திக் கோப்பை. இங்கே மாறியது கோச் மட்டுமா? அணியே மாறியது. பெயர் மட்டும் கோச்சுக்குப் போனது.

சீசன் நடுவில் பதினோரு பேரையும் மாற்ற முடியாது, முதலாளி தன்னைத்தானே மாற்றிக்கொள்ள மாட்டார். கைக்கு எட்டுகிற ஒரே தலை கோச்சினுடையது. ஐ.எஸ்.எல்.லில் 2024-25 சீசன் வரை கீழே இறங்கும் பயம்கூட இருந்ததில்லை. அங்கேயே இந்த அவசரம் என்றால், தோற்றால் கீழ் லீகுக்கு இறங்கவேண்டிய சின்ன கிளப்பின் பதற்றம் எனக்குப் புரிகிறது. புரிந்தாலும், பாதிச் சீசனில் ஒருவரை அனுப்பி, அவருக்கான நஷ்டஈட்டையும் புதியவருக்கான சம்பளத்தையும் சேர்த்துக் கொடுக்கிற காசில் ஒரு நல்ல டிஃபெண்டரை எடுத்துவிடலாமே என்று தோன்றுவதைத் தடுக்க முடியவில்லை.

எங்கள் திடலில் அந்தச் செலவும் கிடையாது. சனி ராத்திரி ஷிஃப்டை மாற்றிக்கொள்ள ஆள் கிடைத்ததா என்று கோல்கீப்பரிடம் கேட்டேன். "சூப்பர்வைசர்கிட்ட கோச்சுதான் பேசிட்டிருக்காருணா" என்றான்.