ஒரு சொல்லைத் திருத்தியிருந்தால்

செருமனியின் ஸ்பையர் பேராலயத்தில் 1970-ஆம் ஆண்டு, திருப்பண்டங்களுக்கிடையே ஒரு தோல் ஏடு கிடைத்தது. ஊதாச் சாயமூட்டிய தோலில் வெள்ளி மையால் எழுதப்பட்ட மாற்கு நற்செய்தியின் இறுதிப் பகுதி அது, மொழி, கோத்தியம். சுவீடனின் உப்சாலா நகரில் காக்கப்பெறும் 'வெள்ளிச் சுவடி'யினின்று பிரிந்த ஏடு. முதலில் இருந்த 336 ஏடுகளில் இதனையும் சேர்த்து இன்று எஞ்சியவை 188.

கோத்திய மொழிக்கு எழுத்தும் விவிலியமும் தந்தவர் 4-ஆம் நூற்றாண்டு ஆயர் உல்பிலா. பெயருக்குப் பொருள் 'ஓநாய்க்குட்டி'. மந்தையை மேய்க்க வந்தவருக்கு வாய்த்த பெயர்! ஆரியுசின் தப்பறையைச் சார்ந்தவராதலால் நம்மவர் அவரை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். மொழிபெயர்ப்பாளராக அவரை எடைபோட்டால் அவ்வாறு கடக்க இயலாது.

பிற செருமானிய இனத்தார் பிற்காலத்தில் ஆண்டவரைக் குறிக்கப் படைத்தலைவனுக்குரிய சொல்லையே எடுத்தாண்டனர். அதே வேரிலிருந்து 'படைத்தொழில் புரிதல்' என்னும் வினை கோத்தியத்திலும் இருந்தது. உல்பிலாவோ அதனை விலக்கி, தலைவர், உரிமையாளர் எனப் பொருள்படும் 'ஃப்ரௌயா'வைக் கொண்டார். போர்மோகம் மிக்க தம் மக்களுக்கு ஆகாது என்று அரசர்கள் நூல்களை அவர் மொழிபெயர்க்காது விட்டார் என்பது பிலோஸ்தோர்கியுசின் கூற்று. இச்சொல் தேர்வு அக்கூற்றை நம்பத் தூண்டுகிறது. சிரியத்திலிருந்து வந்த 'சிலுவை' என்னும் சொல்லில் நமக்கு மங்கிவிட்ட இழிவு, அவருடைய 'கல்கா'வில் மங்கவில்லை. அது தூக்குமரத்தின் பெயர். தந்தையைக் குறிக்க அவர் வழங்குவது 'அத்தா' என்னும் மழலைச் சொல். எஞ்சிய பகுதிகளில் 'ஃபதர்' வருவது கலாத்தியர் 4:6-இல் மட்டுமே. அங்கு 'அப்பா' என்னும் அரமேயச் சொல்லை அடுத்து நிற்கிறது.

தப்பறை எங்கே? அறிஞர் சுட்டுவது பெரும்பாலும் ஓரிடம்: பிலிப்பியர் 2:6. கடவுளுக்கு 'இணை' என வரவேண்டிய இடத்தில் 'ஒத்தவர்' என்னும் பொருளுடைய சொல் வருகிறது. அதுவும் உள்நோக்கமுடையதா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. நிசேயா அறிக்கையின் உண்மையில் நமக்கு ஐயமில்லை. எனினும் இவ்வளவு பெரிய பணியில் திருத்த வேண்டியிருந்தது ஏறத்தாழ ஒரு சொல்லே.

வெள்ளிச் சுவடி, இத்தாலியின் இரவென்னாவில் கோத்திய மன்னர் தெயோதோரிக்கின் காலத்தில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. 540-இல் அந்நகர் பைசாந்தியர் வசமாயிற்று. 551-இல் அங்குக் கோத்தியக் குருக்கள் ஒரு விற்பனை ஆவணத்தில் தம் மொழியிலேயே கையொப்பமிட்டுள்ளனர். அதற்குப்பின் அம்மொழி அங்கு விரைவில் அடங்கிவிடுகிறது. அவர்களுடைய ஆலயங்கள் கத்தோலிக்கரிடம் வந்தன. மன்னரின் அரண்மனைக் கோவில் இடிக்கப்படவில்லை, திருநிலைப்படுத்தி ஏற்றுக்கொள்ளப்பட்டது. கல்லுக்குக் காட்டிய இப்பரிவை நூலுக்கும் காட்டியிருக்கலாம். அக்கோவிலின் கற்பதிப்போவியத்தில் அரண்மனை மாந்தரின் உருவங்களை அகற்றித் திரைச்சீலைகளை வரைந்தனர். தூண்களின்மீது கிடந்த சில கைகளை மட்டும் அழிக்காது விட்டுவிட்டனர்; அவை இன்றும் அங்கே உள்ளன.