வைபவமாலை காட்டும் சங்கிலி

ஒரு நாட்டின் பழைய வரலாறு செவிவழிக் கதையாக வழங்கும்போது, பலர் செய்த செயல்கள் ஒருவன்மேல் ஏறுதலும், பல காரணங்களால் விளைந்த கேடு ஒருவனின் துரோகத்தால் விளைந்ததாகச் சுருங்குதலும் இயல்பு. யாழ்ப்பாண வைபவமாலையிற் சங்கிலி மன்னனுக்கு நேர்ந்தது இதுவே.

ஒல்லாந்தர் ஆட்சியில், 1736ஆம் ஆண்டளவில், தேசாதிபதி மேக்கறூன் வேண்ட, மாதகல் மயில்வாகனப் புலவர் இந்நூலை இயற்றினார். தமிழரசு வீழ்ந்து நூறாண்டுக்கு மேற்பட்டபின் எழுந்த நூலிது. பரராசசேகரனுக்கும் மங்கத்தம்மாளுக்கும் பிறந்த சங்கிலி, முடிக்குரியாரை நஞ்சாலும் வாளாலும் அகற்றி அரசைக் கைப்பற்றினான் என்றும், மன்னாரிற் கிறித்தவரான அறுநூறு பேரைக் கொல்வித்தான் என்றும், ஈற்றிற் காக்கைவன்னியன் நண்பன்போல் வந்து தழுவிப் பிடித்துப் பறங்கியர் கையிற் கொடுத்தான் என்றும் அது கூறும். கதை சுவையுடையது, உள்ளத்திற் பதிவது. ஆனால், காலக்கணக்கு இதற்கு இடந்தரவில்லை. மன்னார்க் கொலை 1544இல் நிகழ்ந்தது. அரசு வீழ்ந்தது 1619இல். இடைப்பட்டவை 75 ஆண்டுகள். இரண்டையும் ஒருவனே செய்தும் பட்டும் இருத்தல் கூடுமோ?

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், முதலியார் இராசநாயகம் முதலியோர் போர்த்துக்கேயர் ஆவணங்களுடன் ஒப்பிட்டு, சங்கிலியர் இருவர் எனத் தெளிவுபடுத்தினர். முன்னவன் 1519 முதல் 1561 வரை ஆண்டவன். பின்னவன் 1617இல் ஆட்சியைக் கைப்பற்றிய சங்கிலிகுமாரன். பெயர்களைப் பிரித்தறிவதோடு ஆராய்ச்சி நின்றுவிடலாகாது. இருவர் வீழ்ச்சியையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

1560இற் கோவையிலிருந்து வந்த இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா நல்லூரைக் கைப்பற்றினான். முதற்சங்கிலி தலைநகரை விட்டு நீங்கினான். ஆயினும் குடிகள் கிளர்ந்தெழுந்தமையாற் பறங்கிப்படை நிலைகொள்ள மாட்டாது மன்னாருக்குப் பெயர்ந்தது. கொடுமை புரிந்தவனாயினும், மன்னனிடத்தே நாடு அன்று முற்றாகப் பிரிந்து நின்றதில்லை.

சங்கிலிகுமாரன் நிலை வேறு. 1591இல் அந்திரே பூர்த்தாதோ படையெடுத்து, அரசனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனை அரியணையில் இருத்தியதிலிருந்தே யாழ்ப்பாணம் பறங்கியர் மேலாணைக்கு உட்பட்டிருந்தது. எதிர்மன்னசிங்கன் இறந்தபின், இளவரசன் சிறுவனாதலின், அரசகேசரி ஆட்சியைக் கவனித்தான். அவனைக் கொன்றே சங்கிலிகுமாரன் அதிகாரம் பெற்றான். சிறுவன் பெயரால் நடைபெறும் ஆட்சி வாளுடையார்க்கு வசப்படுதல் எந்நாட்டிலும் உண்டு. சீனத்திற் கி.பி. 189இற் சிறுவனொருவனை அரியணையேற்றித் தானே ஆண்ட படைத்தலைவன் தொங் சுவோ, மூன்றாண்டுகளில் தன்னைச் சார்ந்தவனாலேயே கொலையுண்டான்.

சங்கிலிகுமாரனுக்கும் பகை முதலில் உள்ளேயே மூண்டது. 1618இல் முதலிமார் கிளர்ச்சி செய்யவே அவன் ஊர்காவற்றுறைக்கு ஓடினான்; தஞ்சை நாயக்கன் அனுப்பிய படையின் துணையாலேயே மீண்டான். சொந்த நாட்டை அடக்க அயற்படையை வேண்டி நின்ற அரசன், மறுவருடம் பிலிப்பு தே ஒலிவேறா வந்தபோது எவரை நம்பி நிற்பான்? தோற்றுக் கடல்வழியே தப்ப முயன்றவன் அகப்பட்டான்; கோவையிற் சிரச்சேதம் செய்யப்பட்டான்.

இதனாற் பறங்கியரின் நாடுபற்றும் வேட்கையை மறந்தவராகோம். அவனைக் கொடுங்கோலனெனத் தீட்டிய குவேறோசு பாதிரியார் எழுத்து வென்றார் பக்கத்தது. அதனையும் ஐயத்தோடே கொள்ளல் வேண்டும். வல்லரசின் முன் இச்சிற்றரசு நெடுங்காலம் நிலைத்திருக்குமென்று துணிதலும் அரிது. எனினும், 1560இல் எழுந்த நாடு 1619இல் மன்னன்பின் ஒன்றாக எழவில்லை என்பது வினாவுக்குரியது. வைபவமாலை அவ்வினாவை எழுப்புவதில்லை. காக்கைவன்னியன் என்னும் ஒரு பெயரால் விடையிறுத்து விடுகின்றது. அப்பெயர் இன்றும் துரோகிக்கு மறுபெயராக நம்மிடையே வழங்குகின்றது.

பழியை ஒருவன் தலையிற் சுமத்துதல் கேட்போர்க்கு ஆறுதல் தருவது. மற்றை எல்லாரையும் குற்றமின்றி விடுவது. ஆதலினாலே அதனை வரலாறென மாணவர்க்குக் கற்பித்தல் தகாது. நல்லூர் முத்திரைச் சந்தியிலே குதிரைமேல் நிற்கும் சங்கிலியன் சிலையை வணங்குவோர் வணங்குக. அதனடியில் நின்று, "எந்தச் சங்கிலி? அவனுடன் நின்றார் யாவர்? விலகினார் ஏன் விலகினர்?" என வினவும் மாணவனும் அந்நாட்டிற்குக் கடமை செய்தவனே ஆவன். வைபவமாலை நமக்குப் பெருஞ்செல்வம். அதனைப் போற்றுதற்கு வழி, ஆராய்ந்து கற்றலேயாம்.