ஆடி மழையில் வால்பாறை!

வால்பாறைக்குப் போவதென்றால் ஆடியில் போக வேண்டும். மழை கொட்டுகிறபோது போக வேண்டும். விடுதியில் தங்காமல் சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும். "கோடையில போனா நாலு இடம் பாக்கலாமே" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் குளிர்கிறது!

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் பெய்தாலே மனசு நிறைந்துபோகிற கரிசல் பூமி. வால்பாறையில் சுமார் 3,500 மில்லிமீட்டர். நாங்கள் ஐந்து வருஷம் அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கிற மழையை அங்கே ஒரே வருஷத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது வானம். அம்மாவின் அக்கா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டுப் போனவர். அம்மா, மனைவி, பிள்ளைகள், ஒரு பை நிறையக் கடலைமிட்டாய், கருப்பட்டி என்று கிளம்பினோம்.

பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் தொடங்குகின்றன அந்த 40 கொண்டை ஊசி வளைவுகள். பலகையில் இருக்கும் எண்ணைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டே வந்தார்கள். ஒன்பதாவது வளைவில் கீழே ஆழியாறு அணை விரிந்து கிடந்தது. பாறை விளிம்பில் வரையாடுகள் நனைந்தபடி நின்றன. நம் மாநில விலங்கைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த என் மகள் மூச்சுவிட மறந்துபோனாள். அதற்கு மேலே பேருந்து மேகத்துக்குள் புகுந்துவிட்டது.

"எய்யா, மொதல்ல தலையத் தொவட்டு. வந்து அடுப்புக்கிட்ட உக்காரு" என்றுதான் பெரியம்மா வரவேற்றார். தோட்டத் தொழிலாளர்களுக்கான அந்த லைன் வீட்டின் உயிரே விறகடுப்புதான். மேலே பரணில் விறகு காய்கிறது. குறுக்கே கட்டிய கயிற்றில் சட்டை துணிமணி காய்கிறது. நமுத்துப்போகாமல் இருக்க எங்கள் கடலைமிட்டாயும் பரணுக்கே போயிற்று! கட்டன் சாயா ஓயாமல் கொதிக்க, அவித்த மரவள்ளிக்கிழங்கும் மத்திக் குழம்பும் வந்தன. அந்த ருசிக்கு ஈடாக எதையும் நான் இதுவரை தின்றதில்லை. உண்மையாகச் சொல்கிறேன்.

மழை வெளியே விடவில்லை. விடாததுதான் வரம்! ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் காபி குடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்போம். இங்கே எழுந்து போக வழியே இல்லை. தகரக்கூரையில் மழை இரைய, அக்காளும் தங்கையும் சிறுபிள்ளைகளாகிப் பேசித் தீர்த்தார்கள். பஞ்சத்தில், ஆள்பிடிக்க வந்த கங்காணி பேச்சைக் கேட்டுத் தன் தாத்தா இந்த மலையேறிய கதையைப் பெரியப்பா சொன்னார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் நாவலாக எழுதியதும் அந்த வாழ்க்கையைத்தான். தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’. அந்த நாவலில் வாசித்ததை, அந்த வம்சத்தில் பிறந்தவர் வாயால், அந்த மண்ணிலேயே கேட்டேன்!

இருட்டியதும் பெரியம்மா ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். தூரத்துக் கம்பத்தில் ஒரு சிவப்பு விளக்கு. பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். யானையைப் பார்த்தவர் பதிவு செய்த கைபேசியிலிருந்து அழைத்தே அந்த விளக்கை எரியவைக்க முடியும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து செய்த ஏற்பாடு இது. குறுஞ்செய்தியும் வந்துவிடும். "அதுங்க போற வழியிலதான நாம வீடு கட்டியிருக்கோம்" என்றார் பெரியம்மா, வெகு சாதாரணமாக. எவ்வளவு பெரிய மனசு!

காலையில் சாரலாகக் குறைந்ததும், சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பெரியப்பா பின்னால் நடந்தோம். அட்டைக்குக் காலில் உப்பும் புகையிலையும். புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சாலைக்கு மேலே கட்டிய கயிற்றுப் பாலத்தில் சிங்கவால் குரங்குகள் குட்டிகளோடு கடந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத உயிர்! இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் பறந்தபோது சிறகோசை காடெங்கும் கேட்டது. தேநீர்க்கடையில் எல்லோர் பேச்சும் சோலையாறு அணை எத்தனை அடி ஏறியது என்பதுதான். முழுக்கொள்ளளவு 160 அடி. அந்தத் தண்ணீர் சுரங்கம் வழியே பரம்பிக்குளம் சேர்ந்து, பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்குப் போகிறது என்று பெரியப்பா சொல்லச் சொல்ல, அந்த மழையைக் கும்பிடத் தோன்றியது.

மழை ஊரில் உங்களுக்கு ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ இருந்தால் யோசிக்கவே யோசிக்காதீர்கள். குடை அங்கே காற்றுக்குத் தாங்காது. கம்பளியும் கையில் உப்புப் பொட்டலமும் போதும். திரும்பும் நாளை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். சொந்தபந்தத்தோடு ஆற அமர உட்காரச் சொல்லி உங்களைப் பிடித்துவைக்க அந்த மழையைவிட நல்ல ஆள் கிடையாது. இன்றைக்கே கூப்பிட்டு, வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்!