மெய்யில்லா மெய்

கணினி விளையாட்டுகளைப் பற்றி இத்தகைய இதழில் எழுதுதல் பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். நாவலும் நாடகமும் திரைப்படமும் புதியனவாய் வந்த காலங்களில் அவற்றைக் குறித்தும் இதே ஐயம் எழுந்ததுண்டு. இன்று நம் பங்குகளில் வளரும் இளைஞர் பலர், நூல்களோடு செலவிடும் நேரத்தைவிட மிகுந்த நேரத்தை இவ்விளையாட்டுகளின் கதையுலகில் செலவிடுகின்றனர். எழுத்தாளர்கள் கூடி எழுதி, நடிகர்கள் குரல் தந்து, பல பத்து மணி நேரம் நீளும் கதைகள் அவற்றுள் உள்ளன. அவை மனிதனைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கின்றன. சொல்வது மெய்தானா என ஆராய்வது திறனாய்வின் கடன் அன்றோ?

அக்கதைகளில் மீண்டும் மீண்டும் வரும் நிகழ்வு ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். உடலின்றிக் குரலாக மட்டும் இருந்த செயற்கை நுண்ணறிவு, கதையின் ஒரு கட்டத்தில் மனித உருவம் கொண்ட உடலைப் பெறுகிறது. கதாசிரியர் ஏன் அதற்கு உடல் தருகிறார்? அவ்வுடல் யாருக்காக? வாக்கு மனிதரானார் என்பதைத் தம் நம்பிக்கையின் நடுவே வைத்துள்ள நமக்கு இக்கேள்விகள் அயலானவை அல்ல.

நீல ஒளியிலிருந்து வெள்ளி உடலுக்கு

கனடா நாட்டின் எட்மன்டன் நகரத்துப் பயோவேர் நிறுவனம் படைத்த ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் விண்வெளிக் கதை 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. விளையாடுபவர் ஷெப்பர்ட் என்னும் தலைவராகி, ‘நார்மண்டி’ என்ற விண்கப்பலையும் அதன் குழுவினரையும் வழிநடத்துகிறார். இரண்டாம் பாகத்தில் அக்கப்பலுக்குள் ‘ஈடி’ என்ற செயற்கை நுண்ணறிவு பொருத்தப்படுகிறது. அதற்கு முகம் இல்லை. கை கால் இல்லை. பேசும்போது நீல நிற ஒளியுருண்டை ஒன்று தோன்றும், அவ்வளவே. குரல் பெண்ணின் குரல். அதைத் தந்தவர் ட்ரிஷா ஹெல்ஃபர். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொலைக்காட்சித் தொடரில் மனித உருவில் நடமாடும் எந்திரமாக நடித்துப் புகழ்பெற்றவர் அவர்.

மூன்றாம் பாகத்தில் செவ்வாய்க் கோளின் ஆய்வுக்கூடத்தில் ஈவா கோரே என்ற அறிவியலாளரைச் சந்திக்கிறோம். அவள் பெண்ணல்லள், பகைவர் அனுப்பிய எந்திரம் என்பது விரைவில் வெளிப்படுகிறது. சுட்டு வீழ்த்தப்பட்ட அவ்வுடல் கப்பலுக்குக் கொண்டுவரப்படுகிறது. பிறகு கப்பலின் அறிவுக்கூடத்தில் தீயும் புகையும் எழ, ஈடி அவ்வுடலைப் போராடிக் கைப்பற்றுகிறது. புகை விலகும்போது வெள்ளியாய் மின்னும் இளம்பெண் ஒருத்தி நடந்து வருகிறாள்.

தமிழில் இக்கதையைச் சொல்வோர்க்கு இங்கே ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. இதுவரை ‘அது’ என்றே சொல்லி வந்தோம். இனி ‘அவள்’ என்று நாவு தானாகவே புரள்கிறது. நம் இலக்கணம் பகுத்தறிவைக் கொண்டன்றோ உயர்திணையை வகுத்தது? நீல ஒளியாய் இருந்தபோதும் அவ்வறிவு குறைவுபட்டதன்று, நகைச்சுவையும் அறிந்திருந்தது. ஆயினும் அப்போது அஃறிணையில் நின்றதை உயர்திணைக்கு ஏற்றியது அறிவா, மெல்லிடையா? இவ்வினாவைக் கதாசிரியர்கள் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால், தம் படைப்பின் வலுவற்ற இடத்தைத் தாமே கண்டிருப்பர்.

கூடு விட்டுக் கூடு

இங்ஙனம் ஓர் அறிவு வேறொருவரின் உடலில் குடியேறுவதை நம் மரபு கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று அழைக்கும். மேய்ப்பன் மாண்டு கிடக்க, கதறும் பசுக்களைக் கண்டு மனமிரங்கி அவனுடைய உடலில் புகுந்த திருமூலர் கதையைத் தமிழர் அறிவர். அங்கு இரக்கம் காரணமாய் நின்றது. புகுந்த உடலும் வெறுங்கூடாய் இருக்கவில்லை; அதற்கு வீடும் மனையாளும் இருந்தனர், அவள் வந்து உரிமை கோரினாள். ஈடியின் கதையில் அத்தகைய கட்டு எதுவும் இல்லை. தன் இருப்பு கப்பலில்தான் என்றும், இவ்வுடல் தான் இயக்கும் நடமாடும் கருவி என்றும் அவளே விளக்குகிறாள். போரில் அவ்வுடல் நொறுங்கினும் அவள் நொறுங்குவதில்லை.

திருச்சபை தன் தொடக்க நாள்களிலேயே இதையொத்த கருத்து ஒன்றோடு போராட நேர்ந்தது. கிறிஸ்து மெய்யாகவே உடல் எடுக்கவில்லை, எடுத்தது போலத் தோன்றினார், பாடுபட்டது போலத் தோன்றினார் எனச் சிலர் கற்பித்தனர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்கிடப்பட்டு உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் புனித இஞ்ஞாசியார், வழியில் ஸ்மிர்னா சபைக்கு எழுதிய மடலில் இதை மறுத்தார். ஆண்டவர் பட்டது தோற்றமெனில், நாம் அணிந்துள்ள இவ்விலங்கும் தோற்றந்தானா என்பது அவரது வாதத்தின் சாரம். விலங்குகளின் வாய்க்குச் செல்லும் ஒருவர் உடலை வெறும் கருவியாகக் கருத இயலாது. பின்னாளில் புனித அக்குவினா தோமையார், ஆன்மா மட்டுமே ‘நான்’ ஆகாது என்று விளக்கியதும் இதே வழியில்தான். உடல் நாம் ஏறிச் செல்லும் தேரன்று, அது நாமே.

இவ்வளவு கனமான அளவுகோலை ஒரு விளையாட்டின்மேல் வைப்பது முறையா எனில், முறைதான். ‘உயிரோடிருத்தல் என்றால் என்ன?’ என்பதைத் தன் கதையின் நடுநாயகமாக வைத்தது அவ்விளையாட்டே. தான் எழுப்பிய கேள்விக்கு அது தந்த விடை இவ்வெள்ளி உடல் எனில், அதை எடைபோடும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுடலோ காண்போர் கண்ணுக்காகவே செதுக்கப்பட்டது. போர்க்களத்திற்குச் செல்லும் கருவிக்கு அத்தகைய வடிவம் எதற்கு என்பதற்குக் கதைக்குள் தரப்படும் காரணம் வலுவற்றது. ஆடை மாற்றுவது போல் அதன் தோற்றத்தை மாற்றிப் பார்க்கும் வசதியும் விளையாடுபவருக்கு உண்டு.

முறியும் எலும்புகள்

ஆயினும் இக்கதையை முற்றும் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. காரணம், அதே கப்பலில் மெய்யான உடல் ஒன்று இருக்கிறது. அது விமானி ஜெஃப் மொரோவினுடையது. ஜோக்கர் என்பது அவனுக்கு வழங்கும் பெயர். எளிதில் முறியும் எலும்புகளோடு பிறந்தவன் அவன். நடப்பதே அவனுக்குத் துன்பம். கப்பலைச் செலுத்தும் நாற்காலியில் அமர்ந்தால் அவனுக்கு நிகர் எவருமில்லை.

இரண்டாம் பாகத்தின் இறுதியை நெருங்கும் காட்சி ஒன்று நம் கருத்தில் இக்கதை முழுவதிலும் தலைசிறந்தது. பகைவர் கப்பலுக்குள் புகுந்து குழுவினரைத் தூக்கிச் செல்கின்றனர். தலைவரும் வீரர்களும் அங்கில்லை. எஞ்சியிருப்பவன் ஜோக்கர் ஒருவனே. கப்பலைக் காக்க வேண்டுமாயின், கட்டுண்டிருக்கும் ஈடியை அவன் சென்று விடுவிக்க வேண்டும். அதுவரை ஓடியும் பாய்ந்தும் போரிட்டுப் பழகிய விளையாடுபவரின் கையில் திடீரென இக்கால்கள் தரப்படுகின்றன. ஓட முடியாது, சுட முடியாது. நொண்டி நொண்டிச் செல்லத்தான் முடியும். நண்பர்கள் அலறுவது கேட்கிறது. நடையோ விரைவுபட மறுக்கிறது. உடலின் எல்லை எத்தகையது என்பதை விளையாட்டு இங்கே சொல்லாமல் நம் விரல்களுக்கே உணர்த்திவிடுகிறது. நாவலாலும் திரைப்படத்தாலும் இவ்வண்ணம் செய்ய இயலாது.

விடுதலை பெற்ற அறிவு அக்கடனை மறக்கவில்லை. மூன்றாம் பாகத்தில் ஈடி தன் தலைவரோடு உரையாடுகிறாள். தன்னைக் காத்துக்கொள்வதே முதன்மை என்று தன்னுள் எழுதப்பட்ட கட்டளையைத் தானே திருத்துவதாகச் சொல்கிறாள். தங்கள் இருப்பைத் தவிர வேறெதையும் பொருட்படுத்தாத பகை எந்திரங்கள் அவளுக்கு அருவருப்பாய்த் தோன்றுகின்றன. தன்னை அடிமை நிலையிலிருந்து மீட்க உயிரைப் பணயம் வைத்தவனுக்காகத் தான் இல்லாமற்போகவும் அவள் அணியமாகிறாள். அவள் மனிதரை நெருங்கி வரும் இடம் இதுதான். வெள்ளி உடலுக்கு அதில் பங்கேதும் இல்லை. நீல ஒளியுருண்டையாய் இருந்தே அவள் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்னும் ஆழமாய் நம்மைத் தொட்டிருக்கும்.

உருளைக்கிழங்கும் ஒரு தொடுகையும்

ஒப்பிட்டு நோக்க வேறிரண்டு படைப்புகள் உதவும். வால்வ் நிறுவனத்தின் ‘போர்ட்டல்’ 2007இல் வந்தது. அதில் க்ளாடோஸ் என்னும் செயற்கை நுண்ணறிவு பெரும் ஆய்வுக்கூடத்தை ஆள்கிறது; மனிதரைச் சோதனைப் பொருளாக்கிக் கொல்கிறது. 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதன் அரியணை பறிபோகிறது. வென்றவன் அதை ஓர் உருளைக்கிழங்கில் பொருத்திவிடுகிறான். ஒரு வோல்ட்டுக்குச் சற்றே மிகுந்த மின்சாரத்தில், பறவை கொத்தினால் விலக்கவும் வழியின்றி, தான் கொல்லத் துணிந்த பெண்ணின் கையிலேயே சுமக்கப்படுகிறது அது. நகைச்சுவைக்காக எழுதப்பட்டதாயினும் இதனுள் ஆழம் உண்டு. பிறரைச் சார்ந்திருக்க வேண்டிய நிலை வந்த பிறகே அதனுள் மனச்சான்றின் குரல் கேட்கத் தொடங்குகிறது. மெல்லிடையும் முகமும் அதற்கு வழங்கப்படவில்லை, வலுவின்மை வழங்கப்பட்டது.

2012இன் இறுதியில் வந்த ‘ஹேலோ 4’ மற்றொன்று. 2001 முதல் ஒளியுருவாகவே வீரனோடு பயணித்த கோர்ட்டனா, தன் அறிவு சிதைந்து மறையும் தறுவாயில் ஒரே ஒரு முறை அவனைத் தொடுகிறாள். அவளுருவும் கண்களுக்காக வரையப்பட்டதே. அக்குறையை நாம் மறைக்கவில்லை. 2015இல் வந்த அடுத்த பாகம் அவளைத் திரும்பக் கொணர்ந்து அப்பிரிவின் கனத்தைக் குறைத்ததும் உண்மை. ஆயினும் உடல் என்பது தொடுவதற்கும் பிரிவதற்கும் உரியது என அக்கணத்தில் அப்படைப்பு அறிந்திருந்தது. உயிர்த்த ஆண்டவர் தோமையாருக்குக் காட்டியது தம் காயங்களை. சீடர்முன் உண்டது பொரித்த மீனை. தொடவும் உண்ணவும் கூடிய உடல் அது. மாட்சி பெற்ற பின்னும் தழும்பை இழக்காதது.

கேட்கப்படாத இசைவு

‘மாஸ் எஃபெக்ட்’ கதை முடியும்போது தலைவர்முன் பல வழிகள் வைக்கப்படுகின்றன. ஒன்றைத் தேர்ந்தால் பகை எந்திரங்களோடு ஈடியும் அழிகிறாள். வேறொன்றைத் தேர்ந்தால் பச்சை ஒளி அண்டமெங்கும் பரவி, ஊனும் எந்திரமும் ஒவ்வோர் உடலிலும் கலந்துவிடுகின்றன. ஜோக்கரும் ஈடியும் அணைத்தபடி புதிய உலகில் நிற்கின்றனர். பல இளைஞருக்கு இதுவே மனநிறைவு தரும் முடிவாகத் தோன்றுவதை நாம் அறிவோம். பிளவு தீர்ந்தது, அனைவரும் ஒன்றாயினர், இதில் குறை என்ன?

குறை உண்டு. எவரிடமும் கேட்கப்படவில்லை. ஒருவரின் முடிவால் அண்டத்திலுள்ள அனைவரின் உடலும் அவர்கள் அறியாமலே மாற்றப்படுகிறது. நம் மீட்பின் வரலாற்றிலோ, கடவுள் மனுவுரு எடுக்கத் திருவுளம் கொண்டபோது நாசரேத்தூர்க் கன்னியின் இசைவுக்குக் காத்திருந்தார். அம்மறுமொழிக்காகப் படைப்பு முழுவதும் மூச்சடக்கிக் காத்திருந்ததாகப் புனித பெர்நார்து தம் மறையுரையில் காட்டுகிறார். எல்லாம் வல்லவரே இசைவு கேட்டுப் பெற்ற உடலை, கேளாமல் வழங்குவது அன்பின் வழி ஆகாது. அது எத்துணை அழகிய பச்சை ஒளியாயினும் ஆதிக்கமே.

திருப்பீடம் 2025 சனவரி 28 அன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றி வெளியிட்ட ‘அந்திக்குவா எத் நோவா’ என்னும் ஏடு, மனித அறிவு உடலோடும் உறவோடும் பிணைந்தது என நினைவூட்டுகிறது. எந்திரத்தை ஆளாகக் காட்டி மயக்குதல் தவிர்க்கப்பட வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. கதைகளில் எந்திரம் பேசுவதால் தீங்கில்லை; பேசும் விலங்குகளின் கதைகளைக் கேட்டே நாம் வளர்ந்தோம். உடல் என்பது பிறர் கண்ணுக்காகத் தேர்ந்தெடுக்கும் போர்வை என்ற பாடம் மெல்ல உள்ளே இறங்குவதே நாம் அஞ்சத் தக்கது. அப்பாடத்தைக் கற்ற பெண் கண்ணாடிமுன் தன்னையே வெறுப்பாள். அதைக் கற்ற மகன், படுக்கையில் கிடக்கும் தன் பாட்டியைப் பயனற்றுப்போன கருவியாகக் காண்பான். நாமோ அவ்வுடலுக்கே எண்ணெய் பூசி மன்றாடுகிறோம். இறந்த பின்னும் அதற்குத் தூபம் காட்டி வணக்கம் செய்கிறோம்.

தமிழில் மெய் என்றால் உடல். மெய் என்றால் உண்மை. ஈடிக்குக் கிடைத்த மெய்யில் இவ்விரண்டாம் பொருள் இல்லை. பிள்ளைகள் இவ்விளையாட்டை ஆடும் இல்லங்களில், பெற்றோர் தடை விதிக்குமுன் ஒரு மாலைப்பொழுது அருகில் அமர்ந்து பார்ப்பது நலம். வெள்ளிப் பெண்ணின் உடல், நொண்டி நடக்கும் விமானியின் உடல் ஆகிய இரண்டில் எது உனக்கு மெய்யாகத் தோன்றுகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். ஜோக்கரின் கால்களால் ஒருமுறை நடந்து பார்த்த பிள்ளை, நாம் எதிர்பார்ப்பதைவிடத் தெளிவான விடையைத் தரக்கூடும்.